உம்மாவின் காப்பும் பதினொரு வருட லெப்டொப்பும்

2025 செப்டெம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு, உம்மா தன் வலது கையிலிருந்த காப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றி, எனது புத்தகங்கள் இருந்த மேசையின் மேல் வைத்தார்.

"சனிக்கிழம கல்முனைக்குப் போய் இதக் குடுத்துட்டு வருவம். புதுசு ஒண்டு வாங்கலாம்" என்றார்.

அந்தக் காப்பு, உம்மாவின் கலியாணத்தின்போது மூத்தம்மா போட்டது. முன்பு அது சோடியாக இருந்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபா வரை போனது. நூல் விலையும் சாய விலையும் கூடவே ஏறின. மருதமுனையில் பல வீடுகளில் தறிச் சத்தம் நின்றது. எங்கள் வீட்டிலும் நின்றது. அந்த மாதங்களில்தான் சோடியில் ஒன்று போனது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். அதுவும் இப்போது எனக்காக, ஒரு லெப்டொப்புக்காகப் போகப் போகிறது.

நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். பைதன் எழுத வேண்டும், தரவுத்தளம் செய்து பார்க்க வேண்டும், இணையப் பக்கம் அமைக்க வேண்டும். கொப்பியில் எழுதி மட்டும் இவற்றைப் பழக ஏலாது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே கணினி, கட்டாரில் வேலை செய்யும் காக்கா 2014ஆம் ஆண்டு தன் முதல் விடுமுறையில் கொண்டு வந்த லெப்டொப். எனக்கு அப்போது ஆறு வயது. அதைத் தொடுவதற்கு முன்னர் கை கழுவ வேண்டும் என்று உம்மா சட்டம் போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

அந்த லெப்டொப் இப்போது திறக்க நாலரை நிமிடம் எடுத்தது. வாப்பாவின் மணிக்கூட்டை வைத்து அளந்தேன். பைதனைத் திறந்தால் இன்னும் ஒரு நிமிடம். சூம் வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்டு, வேறொரு பிள்ளை விடை சொல்லி முடித்த பிறகுதான் எனக்குக் கேள்வியே கேட்கும். அதோடு, விண்டோஸ் 10 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிகிறது என்ற அறிவித்தலும் திரையில் வரத் தொடங்கியது.

அதற்கு முதல் நாள் சனிக்கிழமை, நானும் வாப்பாவும் அதை ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடையிலிருந்த தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு விண்டோஸ் 11 ஏறாது. ஒக்டோபருக்குப் பொறகு இது வேல செய்யாது. புதுசு ஒண்டு 165,000க்குத் தரலாம்" என்றார். வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லாட்டி 2,500 தாங்க, எப்பிடியாவது 11 ஏத்தித் தாறன். லைசன் எல்லாம் தேவல்ல, நாங்க உடைச்சிப் போடுவம்" என்றும் சொன்னார்.

வாப்பா யோசித்தார். "அதச் செஞ்ச ஆக்களுக்கு இந்த 2,500ல ஏதும் போகுமா தம்பி?" என்று கேட்டார்.

"இல்ல காக்கா. அது எங்கட கூலி."

வாப்பா லெப்டொப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

வழியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். ஒருமுறை வாப்பா மூன்று வாரம் யோசித்து ஒரு சேலைக் கரைக்கு ஒரு வடிவம் எழுப்பினார். அதை யாரோ படமெடுத்து, அச்சடித்த துணியில் போட்டு, கால்வாசி விலைக்கு விற்றார்கள். வாப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. "களவு போனது துணி இல்ல மகள், என்ட யோசின" என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. அப்படிப்பட்டவர், மற்றவர்கள் யோசித்து எழுதிய ஒன்றை உடைத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரமாட்டார்.

ஆகவேதான் உம்மா காப்பைக் கழற்றினார். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. எழும்பிப் போய், "உம்மா, சனிக்கிழம மட்டும் எனக்குத் தவண தாங்க. அதுக்குள்ள ஏலாட்டி நானே உங்களோட கல்முனைக்கு வாறன்" என்றேன். உம்மா தலையை ஆட்டினார். என்னிடம் ஒரு பிஸ்கட் டின்னில் இரண்டு வருடப் பெருநாள் காசு 12,000 ரூபா இருந்தது. அதுதான் என் முழுச் சொத்து.

திங்கட்கிழமை பாடசாலையில் எங்கள் ஐ.சி.டி. ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் என் பயத்தைத் திருத்தினார். 2015ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 10, ஒக்டோபர் 14க்குப் பிறகு திடீரென நின்றுவிடாது. கணினி வழமைபோலத் திறக்கும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை மைக்ரோசொப்ட் அதற்குமேல் இலவசமாக அடைத்துத் தராது. விரும்பியவர்கள் பதிவு செய்துகொண்டால், 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறவும் அப்போது வழி இருந்தது. "ஆனா உங்கட பிரச்சின அது மட்டும் இல்லையே, மெதுவா வேல செய்யிறதும்தானே?" என்றார்.

விண்டோஸ் 11 ஏன் ஏறாது என்பதையும் விளக்கினார். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எங்களுடையது நான்காம் தலைமுறை ஐ3. அதை மாற்ற ஏலாது. ஆனால் ஒரு கணினி மெதுவாக இயங்குவதற்குச் செயலி மட்டுமே காரணம் இல்லை. "வீட்டுக்குப் போய் டாஸ்க் மனேஜரத் திறந்து, எது நிரம்பிக் கிடக்குது எண்டு பாருங்க. புத்தகத்துல படிச்சது அப்ப விளங்கும்" என்றார்.

பார்த்தேன். 4 ஜிபி ரெம்மில் ஏறத்தாழ எல்லாம் நிரம்பியிருந்தது. வன்தட்டு 100 சதவீதத்தில் நின்றது. செயலியோ பாதிக்கு மேல் சும்மாதான் இருந்தது.

பணிசெயல் முறைமை அலகில் நாங்கள் மெய்நிகர் நினைவகம் என்று படிக்கிறோம். ரெம் நிரம்பினால், உடனே தேவைப்படாத பகுதிகளைப் பணிசெயல் முறைமை வன்தட்டுக்கு அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது திருப்பி எடுக்கும். பரீட்சைக்கு நான்கு வரியில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அது எங்கள் வீட்டு மேசையில் இரைந்துகொண்டு நடக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. எங்கள் வன்தட்டுக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. வாசிக்கும் முனை ஒவ்வொன்றுக்காகவும் அங்குமிங்கும் நகர வேண்டும். எஸ்எஸ்டி என்ற திண்மநிலைத் தட்டில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஆகவே, ரெம்மைக் கூட்டி, வன்தட்டின் இடத்தில் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, பாரம் குறைந்த, இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகிற ஒரு பணிசெயல் முறைமையை ஏற்றினால் இந்த லெப்டொப் பிழைக்கும். ஆசிரியை சொன்ன பெயர் லினக்ஸ் மின்ட். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 2 ஜிபி ரெம்மிலேயே இயங்கும், 4 ஜிபி இருந்தால் நல்லது. விலை இல்லை.

"விலை இல்லாட்டி அதுவும் உடைச்சதுதானே?" என்று வாப்பா கேட்டார். வாப்பா அப்போது தறியில் இருந்தார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னேன்.

1991ஆம் ஆண்டு, பின்லாந்தின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தன் சொந்தக் கணினிக்காக ஒரு பணிசெயல் முறைமையின் மையப் பகுதியை எழுதத் தொடங்கினார். அதைப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் திறந்து விட்டார். அதற்கு முன்னரே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் குனூ என்ற பெயரில் அப்படியொரு முயற்சியை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்தன. யாரும் பாவிக்கலாம், படியெடுக்கலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பகிர்ந்தால், அதே உரிமையை அடுத்தவருக்கும் விட வேண்டும். எழுதியவர்களே எழுத்தில் தந்திருக்கும் அனுமதி இது. இன்று உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. உம்மாவின் அண்ட்ரொய்ட் போனுக்குள் இருப்பதும் அதே மையப் பகுதிதான்.

வாப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப, ரோட்டோரத்துல கிணறு கட்டி விட்ட மாதிரி" என்றார். பிறகு, "சரி. ஏத்துங்க" என்றார்.

பதிவிறக்கும் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. எங்கள் போன் டேட்டாவில் இரவு 12 மணிக்குப் பிறகுதான் தாராளமாக எடுக்கலாம். திங்கள் இரவு வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் முடிந்திருந்தது. ஆனால் ஆசிரியை ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் செய்யச் சொல்லியிருந்தார். கோப்பு முழுதாக வந்ததா என்று அறிய, அதன் இணையத்தளத்தில் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறியீடு தந்திருப்பார்கள். நம்மிடம் வந்த கோப்பிலிருந்து கிடைக்கும் குறியீடும் அதுவாகவே இருக்க வேண்டும். இருக்கவில்லை. இடையில் சிக்னல் போய்க் கோப்பு பழுதாகியிருக்கிறது. செவ்வாய் இரவு மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை குறியீடு ஒத்து வந்தது. பழுதான கோப்பையே ஏற்றியிருந்தால், அரைவழியில் நின்றிருக்கும்.

புதன்கிழமை, அந்தக் கோப்பை ரூபஸ் என்ற சிறிய மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எழுதினேன். இங்கே ஒரு நல்ல வசதி உண்டு. லினக்ஸ் மின்டை ஏற்றாமலே, பென் டிரைவில் இருந்தபடியே இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் ஓர் எழுத்தும் மாறாது. நகை வாங்குமுன் போட்டுப் பார்ப்பது போலத்தான். போட்டுப் பார்த்தேன். திரை வந்தது, சத்தம் வந்தது, கமரா வந்தது. வைபை மட்டும் வரவில்லை. உம்மாவின் போனைக் கேபிளால் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்ததும், டிரைவர் மனேஜர் என்ற பகுதி, வைபைச் சில்லுக்குத் தேவையான மென்பொருளைத் தானே காட்டித் தந்தது. இதை முதலே அறிந்துகொண்டதால், பிறகு நான் பதறவில்லை.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வாப்பாவோடு கல்முனைக்குப் போனேன். 256 ஜிபி எஸ்எஸ்டி, புதியது, 7,500 ரூபா. 4 ஜிபி ரெம், பாவித்தது, 2,500 ரூபா. பழைய வன்தட்டை வெளியே வைத்துப் பாவிக்க ஒரு உறை 900 ரூபா. மணிக்கூடு திருத்தும் மாமாவிடம் சின்ன ஸ்குரூ டிரைவரை இரவல் வாங்கினோம்.

இஷாத் தொழுகைக்குப் பிறகு மேசையில் வெள்ளைத் துணி விரித்து லெப்டொப்பைக் கவிழ்த்தேன். சார்ஜரைக் கழற்றி, பற்றரியை எடுத்து, உடம்பிலுள்ள மின்னேற்றம் போக யன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத் தொடங்கினேன். கழற்றிய ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு கடதாசியில் ஒட்டிவைத்தேன். பழைய வன்தட்டு வெளியே வந்தது. எஸ்எஸ்டி உள்ளே போனது. ரெம்மைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்த, 'டிக்' என்று பூட்டியது. மூடினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி அமத்தினேன்.

விசிறி ஒருமுறை சுற்றியது. நின்றது. திரை கறுப்பு.

மறுபடியும் அமத்தினேன். கறுப்பு. மூன்றாம் முறையும் அப்படித்தான். எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மெதுவாகவாவது இயங்கிய ஒன்றை நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். உம்மா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. காப்பு இன்னும் என் மேசை லாச்சிக்குள்தான் இருந்தது.

வாப்பா வந்து பக்கத்தில் இருந்தார். அவருக்குக் கணினியில் ஒரு பொத்தானும் தெரியாது.

"என்னென்ன புதுசாப் பூட்டினீங்க?"

"ரெண்டு, வாப்பா."

"ரெண்டையும் ஒண்டாப் பூட்டினதுதான் பிழ. தறி நிண்டா, கடைசியாக் கை வெச்ச இடத்தத்தான் முதல்ல பாக்கிற. ஒண்ட மட்டும் கழட்டுங்க."

ரெம்மைக் கழற்றினேன். அமத்தினேன். திரையில் வெளிச்சம் வந்தது.

நான் அழுதது அப்போதுதான். இயங்காதபோது வராத கண்ணீர், இயங்கியபோது வந்தது.

ஆகவே பிழை அந்த ரெம்மில். அதன் மேலிருந்த சின்ன எழுத்தைப் பழையதோடு சேர்த்து வைத்து வாசித்தேன். பழையதில் பிசி3எல் என்று இருந்தது. வாங்கியதில் பிசி3 மட்டும். அந்த ஒரு 'எல்' தான் வித்தியாசம். பிசி3 வகைக்கு 1.5 வோல்ட் வேண்டும். பிசி3எல் 1.35 வோல்டில் வேலை செய்யும். எங்கள் லெப்டொப் கொடுப்பது 1.35 தான். கேட்டு வாங்காதது என் கவனயீனம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கடை திறந்ததும் கொண்டு போய், 500 ரூபா கூடக் கொடுத்து மாற்றிக்கொண்டோம். இம்முறை ஒரே தடவையில் எழும்பியது. பயோஸில் 8 ஜிபி என்று காட்டியது.

அன்றிரவு லினக்ஸ் மின்டை எஸ்எஸ்டியில் ஏற்றினேன். அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. பழைய வன்தட்டை நான் அழிக்கவில்லை. அதைத் தனியே உறைக்குள் போட்டு, காக்காவின் பழைய படங்கள், வாப்பாவின் சேலை வடிவங்கள், தங்கச்சியின் குழந்தைப் பருவ வீடியோ என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படியெடுத்தேன். எல்லாம் சரியாகத் திறந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த தலையிடி தமிழில் வந்தது. நான் சேமித்து வைத்திருந்த கடந்தகால வினாத்தாள்களைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகக் கிடந்தன. கோப்பு பழுதாகவில்லை. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. யுனிகோட் வருவதற்கு முந்திய முறை அது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது அந்த எழுத்துரு மட்டுமே. பழைய வன்தட்டிலிருந்து பாமினிக் கோப்பைத் தேடி எடுத்து, புதியதில் எழுத்துருக்கள் வைக்கும் இடத்தில் போட்டதும் வினாத்தாள்கள் தமிழ் பேசின. ஆனால் புதிதாக எழுதுவதையெல்லாம் இப்போது யுனிகோடிலேயே எழுதுகிறேன். எந்தக் கணினிக்குப் போனாலும், எந்தப் போனில் திறந்தாலும் அது தமிழாகவே இருக்கும்.

சனிக்கிழமை காலை, உம்மாவையும் வாப்பாவையும் கூப்பிட்டு இருத்தி, வாப்பாவின் கையில் மணிக்கூட்டைக் கொடுத்து, லெப்டொப்பை அமத்தினேன். 28 செக்கன்.

"பழையதுதானா இது?" என்று உம்மா கேட்டார்.

கணக்கையும் கொப்பியில் எழுதிக் காட்டினேன். எஸ்எஸ்டி 7,500. ரெம் 2,500, மாற்றியதற்கு 500. உறை 900. மொத்தம் 11,400 ரூபா. பிஸ்கட் டின்னில் மிச்சம் 600 ரூபா.

எல்லாம் பூரணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பற்றரி பழையதுதான், 40 நிமிடத்துக்கு மேல் நிற்காது. மின்சாரம் போனால் அவசரமாகச் சேமிக்க வேண்டும். வேர்ட் இல்லை, லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. கோப்புகள் திறக்கும், ஆனால் சில அட்டவணைகள் கொஞ்சம் இடம் மாறும். விண்டோஸுக்கென்றே செய்யப்பட்ட சில மென்பொருள்கள் ஓடாது. தங்கச்சிக்கு அவள் விளையாடிய ஒரு விளையாட்டு இல்லையென்று இரண்டு நாள் கோபம். ஆனால் எனக்குத் தேவையான பைதன் அதில் ஏற்கெனவே இருந்தது. மைஎஸ்கியூஎல்லை இலவசமாக இறக்கிக்கொண்டேன். சூம் வகுப்பில் இப்போது நானும் நேரத்துக்கு விடை சொல்கிறேன்.

என்னைப் போலப் பழைய கணினி வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். முதலில், உங்கள் கணினியின் செயலி எத்தனையாம் தலைமுறை என்று பாருங்கள். எட்டு அல்லது அதற்கு மேல் என்றால், விண்டோஸ் 11 இலவசமாகவே ஏறக்கூடும். அப்படி இருக்கும்போது யாரும் உங்களிடம் புதியது விற்க வேண்டியதில்லை. குறைவு என்றால், லினக்ஸைப் பென் டிரைவில் இருந்து இயக்கிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பென் டிரைவை இழுத்துவிடலாம். எதைச் செய்யுமுன்னும் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். ரெம் வாங்கப் போனால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். திரை உடைந்தோ, தாய்ப்பலகை பழுதாகியோ இருந்தால் மட்டும் இந்த வழி சரிவராது. அங்கே செலவழிப்பது வீண்.

பெற்றோருக்கும் ஒன்று. "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்குரூ டிரைவர்?" என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அந்த வியாழக்கிழமை இரவு வாப்பா என்னை ஏசியிருந்தால், நான் மறுபடியும் அந்த மூடியைத் திறந்திருக்க மாட்டேன். பழுதாக்கிவிடுவாளோ என்ற பயம் இருந்தும் உம்மா வாசலில் பேசாமல் நின்றார். அதுவும் ஓர் உதவிதான்.

வாப்பாவின் தறி, மூத்தப்பா செய்வித்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அது உடைந்து, பாதி எங்கள் வளவிலும் பாதி பக்கத்து வளவிலும் கிடந்ததாம். வாப்பா பொறுக்கி எடுத்து, இரண்டு மரத்தை மாற்றி, மறுபடியும் நிமிர்த்தினார். அதற்குப் பிறகு மிதிகட்டை மாறியிருக்கிறது, நாடா பல தடவை மாறியிருக்கிறது. இன்றைக்கும் அதற்கு எங்கள் வீட்டில் மூத்தப்பாவின் தறி என்றுதான் பெயர். எதை மாற்றலாம், எதை வைத்திருக்கலாம் என்று பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் முன்பே இருந்திருக்கிறது. நான்தான் அதைக் கணினிப் பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் கல்முனைக்குப் போகவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் லாச்சியைத் திறந்து காப்பை எடுத்து உம்மாவிடம் நீட்டினேன். உம்மா கிணற்றடிக்குப் போய், மறுபடியும் சவர்க்காரம் போட்டு, மெல்ல மெல்லத் திருகிப் போட்டுக்கொண்டார். ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"இனிப் படிக்கிறதுக்குச் சாட்டு இல்லதானே?" என்றார்.

இல்லை உம்மா.